உதிராத முடி, உதிரும் புரதம்

2008ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பராக் ஒபாமா சிகாகோவில் முதன்முறையாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பொருளாதாரம் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, வெள்ளை மாளிகைக்கு எந்த நாய் வரப்போகிறது என்ற கேள்வியும் எழுந்தது. மூத்த மகள் மலியாவுக்கு நாய் ஒவ்வாமை உண்டு, எனவே 'ஹைப்போஅலர்ஜெனிக்' நாய்தான் வேண்டும் என்றார் அவர். காப்பகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஆசை, ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் என்னைப் போன்ற கலப்பினங்கள் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். அடுத்த ஜனவரியில் அளித்த தொலைக்காட்சி நேர்காணலில் பட்டியல் இரண்டாகச் சுருங்கியிருந்தது. ஒன்று போர்ச்சுகீஸ் வாட்டர் டாக். (இதைத் தமிழில் நீர்நாய் என்று பெயர்த்தால் முற்றிலும் வேறொரு விலங்கு வெள்ளை மாளிகைக்குள் புகுந்துவிடும்.) மற்றொன்று லாப்ரடூடில். 2009 ஏப்ரலில் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் பரிசாக வந்து சேர்ந்த 'போ' முதல் வகையைச் சேர்ந்தது. லாப்ரடூடில் மயிரிழையில் வாய்ப்பை இழந்தது.

ஒபாமா பிறந்தது ஹவாயில். அவருடைய இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த அந்தக் கலப்பின நாயின் கதையும், கால் நூற்றாண்டுக்கு முன்னர் ஹவாயிலிருந்து புறப்பட்ட ஒரு வேண்டுகோளில்தான் தொடங்குகிறது. அந்தக் கதையை அறிந்தவர்கள் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாக உச்சரிக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம். ஏனெனில், இந்த இனத்தைப் பற்றிப் பின்னாளில் சந்தை சொன்ன பொய்க்கான மறுப்பு, இனம் பிறந்த அந்த முதல் ஈற்றிலேயே இருந்தது.

1980களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், ராயல் கைடு டாக்ஸ் சங்கத்தின் நாய்க்குட்டி இனப்பெருக்கப் பிரிவை நிர்வகித்துவந்தவர் வாலி கான்ரன். ஹவாயைச் சேர்ந்த பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்மணி, தமக்கு ஒரு வழிகாட்டி நாய் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார். சிக்கல் அவரிடம் இல்லை, கணவரிடம் இருந்தது. கணவருக்கு நாய் ஒவ்வாது. வளர்ப்புப் பிராணி வேண்டுமா வேண்டாமா என்ற சாதாரணக் கேள்வியாக இதைக் கொள்ளலாகாது. தெருவைத் தனியே கடக்கும் சுதந்திரமும் கூட வாழும் மனிதரின் மூச்சும் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று எதிராக நின்ற நிலை அது.

கான்ரனுக்கு முதலில் தோன்றியது எவருக்கும் தோன்றக்கூடியதே: பூடில். முடி உதிர்க்காத நாய், ஆகவே ஒவ்வாமையும் தராது என்பது அன்றைய பொதுநம்பிக்கை. ஸ்டாண்டர்ட் பூடில் என்னும் பெரிய வகை, கைப்பட்டை பூட்டி வழிநடத்தப் போதிய உயரமும் கொண்டது. மூன்றாண்டு காலத்தில் 33 பூடில்களைச் சோதித்துப் பார்த்ததாகக் கான்ரன் பின்னாளில் கூறினார். ஒன்றுகூட வழிகாட்டி நாயாகத் தேறவில்லை. பூடில் அறிவற்ற நாய் அன்று. அதன் பெயரே ஜெர்மன் மொழியில் நீரில் அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வேட்டைக்காரன் சுட்ட வாத்தைக் குளிர்ந்த நீரில் நீந்திச் சென்று கவ்விவரும் தொழில் நாய் அது. இன்று ஒப்பனையாகத் தோன்றும் அந்தக் குஞ்சங்கள்கூட, நீந்தும்போது பாரம் குறையவும் மார்பும் மூட்டுகளும் மட்டும் குளிராமல் இருக்கவும் வெட்டப்பட்டவை என்பார்கள். ஆனால் வழிகாட்டி நாய்க்கு வேண்டிய குணம் வேறு. ஆரவாரமான கடைத்தெருவில், அதிர்ச்சியின்றி, சலிப்பின்றி, ஒரே வேலையை நாள்தோறும் விருப்பத்துடன் செய்யும் குணம் அது. லாப்ரடாருக்கு அது பிறவியில் வாய்த்தது.

அப்படியானால் லாப்ரடாரின் குணத்தையும் பூடிலின் முடியையும் ஒரே உடலில் சேர்த்தால் என்ன? மேலதிகாரியின் ஒப்புதலுடன் கான்ரன் அதைச் செய்தார். 1989இல் மூன்று குட்டிகள் பிறந்தன. சுல்தான், ஷேக், சைமன் என்று பெயரிட்டார்கள். குட்டிகளுக்கு ஐந்து மாதமானபோது, அவற்றின் முடியையும் உமிழ்நீரையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் கணவரிடம் அவை சோதிக்கப்பட்டன. மூன்றில் ஒன்று மட்டுமே அவருக்கு ஒத்துக்கொண்டது. அது சுல்தான்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ஈற்று. ஆனால் மூன்றில் இரண்டு தேறவில்லை. அடுத்த ஈற்றில் பத்துக் குட்டிகள் பிறந்ததாகவும், அவற்றில் மூன்று மட்டுமே ஒவ்வாமை தராதவையாக இருந்ததாகவும் கான்ரன் சொல்லியிருக்கிறார். ஆக 13இல் 4. மேலும் ஒன்று: முடியுடன் உமிழ்நீரும் அனுப்பப்பட்டது. நோய் முடியில் மட்டும் இல்லை என்பதைச் சோதனையை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் வந்த விற்பனையாளர்களுக்கோ அந்த உமிழ்நீர் மறந்துபோயிற்று.

சுல்தான் ஹவாய்க்குப் போயிற்று. எஞ்சியவற்றுக்கு வேறொரு சங்கடம் வந்தது. வழிகாட்டி நாயாகப் பயிற்சி பெறவிருக்கும் குட்டியை முதலில் ஒரு குடும்பம் தன் வீட்டில் வளர்த்து, மனிதர்களிடமும் தெருவிடமும் பழக்கித் தர வேண்டும். அப்படி வளர்க்க முன்வந்தவர்களின் காத்திருப்புப் பட்டியல் சங்கத்திடம் நீளமாகவே இருந்தது. ஆனால் கலப்பினம் என்றதும் எவரும் கை நீட்டவில்லை. நாய் உலகின் குலப்பெருமை அப்படிப்பட்டது. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. கான்ரன் சங்கத்தின் விளம்பரப் பிரிவுக்குச் சென்று, புதிய நாய் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம், அதன் பெயர் லாப்ரடூடில் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லச் சொன்னார். அதன் பிறகு தொலைபேசி ஓயவில்லை. நேற்றுவரை வேண்டாதிருந்த அதே குட்டிகள், பெயர் ஒன்று கிடைத்ததும் அதிசயப் பிறவிகளாயின.

சொல்லில் ஈடுபாடுள்ள வாசகர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. 'லாப்ரடூடில்' என்ற சொல் கான்ரனுக்கு முன்பே இருந்தது. நீரின் மேல் வேகச் சாதனைகள் படைத்த ஆங்கிலேயர் டொனால்ட் கேம்ப்பெல், 1955இல் வெளிவந்த தம் நூலில் தம்முடைய நாய் மாக்ஸியை அப்படித்தான் குறிப்பிட்டார். காக்கர் ஸ்பேனியலையும் பூடிலையும் சேர்த்த காக்கப்பூ அமெரிக்காவில் 1960களிலேயே அறிமுகமானதுதான். கலப்பும் புதிதன்று, பெயரும் புதிதன்று. ஒரு மருத்துவத் தேவையை அந்தப் பெயரோடு கட்டியதே புதிது. காக்கப்பூ அழகுக்காக வாங்கப்பட்டது. லாப்ரடூடிலை வாங்கியவர்களுள் பலர் மூச்சுக்காக வாங்கினார்கள்.

கான்ரன் தம் பொறுப்பில் 31 லாப்ரடூடில்களை மட்டுமே உருவாக்கியதாகவும், அவற்றில் 29 வழிகாட்டி நாய்களாயின என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குள் வெளியுலகம் விழித்துக்கொண்டது. கோல்டன் ரிட்ரீவருடன் பூடில், கவலியருடன் பூடில், ஷ்னவுசருடன் பூடில், செயின்ட் பெர்னார்டுடன்கூடப் பூடில். ஒவ்வொன்றுக்கும் 'டூடில்' என்றோ 'பூ' என்றோ ஒரு வால். விலைப்பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரேயும் அதே இரண்டு வாக்குறுதிகள்: முடி உதிராது, ஒவ்வாமை தராது. ஹவாய்க்கு உறை அனுப்பிக் காத்திருந்த அந்தப் பொறுமை மட்டும் எங்கும் பின்தொடரவில்லை. சோதிக்காமலேயே விற்கிறார்கள் என்பதுதான் கான்ரனின் முதன்மையான குறையாக இருந்தது.

இனி, அந்த இரண்டு வாக்குறுதிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்போம். அவற்றை ஒன்றெனக் கருதியதில்தான் எல்லாக் குழப்பமும் விளைந்தது.

நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அன்று, புரதம். அறிவியலார் அவற்றுக்குக் கேன் எஃப் 1, கேன் எஃப் 2 என்று வரிசை எண் தந்திருக்கிறார்கள். நாயின் லத்தீனப் பெயரான 'கானிஸ் ஃபமிலியாரிஸ்' என்பதன் சுருக்கம் அது. இவற்றில் முதன்மையான கேன் எஃப் 1 நாயின் நாக்கிலுள்ள திசுக்களில் உருவாகி உமிழ்நீரில் கலக்கிறது. நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது உடலெங்கும் பரவுகிறது. தோலிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத செதில்களோடு சேர்ந்து காற்றில் ஏறுகிறது, துணியில் ஒட்டுகிறது, அடுத்த வீட்டுக்கும் பயணம் போகிறது. அமெரிக்காவில் நாடு தழுவிய வீட்டுத் தூசு ஆய்வு ஒன்று 1998-99இல் நடந்தபோது, சோதித்த வீடுகள் அனைத்திலும் கேன் எஃப் 1 கண்டறியப்பட்டது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் நாயே இல்லை. ஒவ்வாமை உள்ளவரின் உடல் இந்தப் புரதத்தைப் பகையென்று பதிந்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அது மூக்கின் மென்படலத்தைத் தொட்டதும் ஹிஸ்டமின் பெருகுகிறது. தும்மல், கண்ணெரிச்சல், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பு. தரையில் விழுந்து கிடக்கும் முடி இந்தப் புரதத்தைச் சுமந்துசெல்லும் வண்டிகளுள் ஒன்று, அவ்வளவே. வண்டியை நிறுத்தினால் சரக்கு உற்பத்தி நின்றுவிடாது.

இது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனை ஆய்வாளர்கள், ஒரே ஒரு நாய் வளரும் 173 வீடுகளின் தூசைச் சேகரித்துச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபது இனங்கள் அதில் இடம்பெற்றன. 'ஹைப்போஅலர்ஜெனிக்' எனப் பெயர்பெற்ற நாய்கள் இருந்த வீட்டிலும் மற்ற வீட்டிலும் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. பூடில், லாப்ரடூடில், ஸ்பானிய வாட்டர் டாக், ஏர்டேல் டெரியர் உள்ளிட்ட 196 'ஒவ்வாமை தராத' நாய்களையும், லாப்ரடார் முதலிய 160 ஏனைய நாய்களையும் அது ஒப்பிட்டது. முடி மாதிரியில் கேன் எஃப் 1 சராசரி அளவு கிராமுக்கு முன்னவற்றில் 2.26 மைக்ரோகிராம், பின்னவற்றில் 0.77. எதிர்பார்ப்பு தலைகீழாயிற்று. ஆயினும் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: லாப்ரடூடில் இருந்த வீடுகளின் தரைத் தூசில் மட்டும் இப்புரதம் குறைவாக இருந்தது. முடி உதிராததன் பயன் அந்த அளவுக்கு உண்மை. ஆனால் காற்றில் இனத்துக்கு இனம் வேறுபாடு இல்லை. மனிதர் சுவாசிப்பதோ தரையை அன்று.

இனத்தைவிடப் பால் முக்கியமாகக்கூடும் என்பது இதைவிட வியப்பானது. 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கேன் எஃப் 5 என்னும் புரதத்தை அடையாளம் கண்டார்கள். ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் உருவாவது அது. நாய் ஒவ்வாமை உள்ளோரில் ஒரு பகுதியினருக்கு இந்தப் புரதம் ஒன்றே பகை. அத்தகையவர் முடி கொட்டும் லாப்ரடார் பெட்டையோடு இயல்பாக வாழக்கூடும். முடி உதிர்க்காத ஆண் பூடிலோடு அவதிப்படவும் கூடும். இன்று இந்தப் புரதங்களைத் தனித்தனியே இனம்காணும் குருதிச் சோதனைகள் உள்ளன. 1989இல் கான்ரனிடம் அவை இல்லை. இருந்தும் அவர் கையாண்ட முறை, அதாவது இந்த நாய் இந்த மனிதருக்கு ஒக்குமா என்று தனியே கேட்ட முறை, இன்றளவும் சரியான கேள்வியாகவே நிற்கிறது.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. 'மாறுபட்ட வினை' என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். வினை உடலினுடையது, வந்து தொடும் பொருளினுடையது அன்று. தமிழில் நாம் வழங்கும் ஒவ்வாமை என்ற சொல் இதை இன்னும் துலக்கமாகச் சொல்கிறது. ஒன்று மற்றொன்றோடு ஒவ்வவில்லை என்பதற்கு இருவர் வேண்டும். ஒரு நாயைத் தனியே நிறுத்தி 'இது ஒவ்வாமையற்றது' என்று நம் மொழியில் சொன்னால் வாக்கியமே நொண்டுகிறது. யாருக்கு என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்ட சொல்தான் 'ஹைப்போஅலர்ஜெனிக்'. அது மருத்துவமனையில் பிறந்த சொல்லன்று. 1953இல் ஒப்பனைப் பொருள் விளம்பரத்தில் பிறந்தது. அதற்கு ஒரு வரையறை தந்து கட்டுப்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975இல் விதி வகுத்தது. இரண்டு ஒப்பனை நிறுவனங்கள் வழக்காடி 1977 டிசம்பரில் அவ்விதியை நீதிமன்றத்தில் வீழ்த்தின. அதன் பின் அச்சொல்லுக்குச் சட்டப்படியான பொருள் அங்கே ஏதுமில்லை. முகப்பூச்சில் பொருளிழந்த சொல்லே நாயின் கழுத்தில் தொங்கவிடப்பட்டது.

சரி, முடியாவது உதிராமல் இருக்கிறதா? இங்கேயும் விடை குட்டிக்குக் குட்டி மாறும். ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்ந்து, விழுகிறது. லாப்ரடாரின் முடியில் பெரும்பகுதி ஓய்வு நிலையில் இருந்து, பருவந்தோறும் கொத்தாக விழும். பூடிலின் முடி, நம் தலைமுடியைப் போல, நீண்ட காலம் வளர்நிலையிலேயே இருக்கும். விழுவதும் தரைக்கு வராது, சுருளுக்குள் சிக்கி நின்றுவிடும். தரை தூய்மையாக இருப்பதற்கான விலையை நாயின் தோல் செலுத்துகிறது. வாராமல் விட்டால் சிக்கு இறுகிச் சடையாகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும். லாப்ரடூடில் வாங்கியவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சீப்பைக் கையில் எடுக்க வேண்டியவராகிறார்.

நாய்களின் மேனி முடி வேறுபாட்டில் பெரும்பகுதி மூன்றே மரபணுக்களால் விளைகிறது என்பதை 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, மீசை தாடி புருவத்துக்கு ஒன்று. மீசை தரும் வடிவம் ஓங்கு பண்பு. ஆகவே லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறக்கும் முதல் தலைமுறை அனைத்துக்கும் அந்தத் தாத்தா முகம் வாய்க்கிறது. வாங்குவோரை மயக்குவது அம்முகமே. இதே மரபணு முடி உதிர்வையும் குறைக்கிறது. ஆனால் முதல் தலைமுறைகளை ஒன்றோடொன்று சேர்த்தால், மெண்டலின் கணக்குப்படி நான்கில் ஒரு குட்டி அதை முற்றாக இழந்து, லாப்ரடாரைப் போல மழுமழுவென்று பிறந்து, லாப்ரடாரைப் போலவே முடி கொட்டும். இதைத் தவிர்க்க வளர்ப்பாளர்கள் கண்ட வழி, கலப்பினத்தை மீண்டும் பூடிலோடு சேர்ப்பது. குட்டி உதிர்க்கிறதா, இன்னொரு பங்கு பூடில். சுருள் போதவில்லையா, மேலும் ஒரு பங்கு. இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ஆஸ்திரேலிய லாப்ரடூடிலின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2020இல் வெளிவந்தது. பாதி லாப்ரடார், பாதி பூடில் என்று எதிர்பார்க்கப்பட்ட நாய் பெரும்பாலும் பூடிலாகவே இருந்தது. அந்த மிகுதியும் முடியின் தன்மையைத் தீர்மானிக்கும் பகுதிகளில் தெளிவாகத் தென்பட்டது. லாப்ரடாரின் குணத்துக்காகத் தொடங்கிய பயணம் முடியைத் துரத்திக்கொண்டே சென்று, கான்ரன் 33 முறை கைவிட்ட அதே நாயின் வாசலுக்குத் திரும்பியிருக்கிறது.

கான்ரன் தம் படைப்பை எண்ணி வருந்தியவர். 2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சியொன்றில், ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனைக் கட்டவிழ்த்துவிட்டதாகவே பேசினார். பெரும்பாலான லாப்ரடூடில்கள் கிறுக்குப் பிடித்தவை அல்லது பரம்பரை நோய் கொண்டவை என்றார். இதை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கமுண்டு. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் காக்கப்பூ, லாப்ரடூடில், கவப்பூ ஆகிய மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட முடிவில், பெரும்பாலான ஒப்பீடுகளில் வேறுபாடே இல்லை. கலப்பினம் கூடுதல் நலமுடையது என்ற விற்பனைப் பேச்சும் பொய், கூடுதல் நோயுடையது என்ற தூயகுலப் பேச்சும் பொய். கிழவரின் வருத்தத்தில் உண்மையான பகுதி நோய் பற்றியதன்று. பொறுப்பற்ற வளர்ப்பாளர்களுக்குத் தாம் கதவைத் திறந்துவிட்டோம் என்பதுதான் அது.

அந்தக் கதவின் வழியே வந்தவற்றின் கணக்கு நாய்கள் மீதே எழுதப்படுகிறது. பிரிட்டனில் 2019, 2020ஆம் ஆண்டுகளில் குட்டி வாங்கியோரிடம் அதே கல்லூரி நடத்திய ஆய்வில், கலப்பினக் குட்டிகளைத் தேர்ந்தவர்கள் ஒவ்வாமை தராது என்ற நம்பிக்கையை ஒரு காரணமாக மிகுதியாகவே சொன்னார்கள். அந்த நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்த குட்டி, குழந்தைக்கு மூச்சிரைக்கத் தொடங்கிய இரவில் என்ன ஆகும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். திருப்பி அனுப்பப்படும் நாய்க்குத் தன் பிழை என்னவென்று தெரியாது, பிழை அதனுடையதும் அன்று. வாரம் இருமுறை குளிப்பாட்டினால் நாயின் மேலுள்ள கேன் எஃப் 1 குறையும் என்று 1999இலேயே ஓர் ஆய்வு கண்டது. சில நாட்கள் விட்டால் பழைய அளவுக்கு ஏறிவிடும் என்பதையும் சேர்த்தே கண்டது. ஒவ்வாமை உள்ளவர் நாய் வாங்குமுன், இனத்தின் பெயரை விட்டுவிட்டு, வாங்கவிருக்கும் அந்த ஒரு நாயுடன் மூடிய அறையில் பல முறை நெடுநேரம் இருந்து பார்ப்பதே மருத்துவர்கள் சொல்லும் வழி. ஹவாய்க்குப் போன உறைகளுள் இருந்தவையும் ஒரு குறிப்பிட்ட நாயின் முடி, அதே நாயின் உமிழ்நீர், அதைத் தொட்டுப் பார்க்கக் காத்திருந்த ஒரு குறிப்பிட்ட மனிதர்.